குழந்தையம்மாள் அணைத்த சூடம்

பேரை மட்டும் கேட்டால் பத்துப் பிள்ளை பெற்றவள் என்றுதான் நினைக்கத் தோன்றும். குழந்தையம்மாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் அந்தப் பேரைச் சுமந்துகொண்டு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. "பேர்லயாச்சும் இருக்குதே" என்று ஒருத்தி சொல்வாள், பக்கத்தில் இருப்பவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். குழந்தையம்மாள் சும்மா விடுகிற ஆள் இல்லை. "உம் பேரு தனலட்சுமிதான? வீட்டுல எத்தனை மூட்டை கட்டி வெச்சிருக்க?" என்று அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள். கொடுத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். அது யாருக்கும் தெரியாது.

சொந்த ஊர் கமுதிப் பக்கம். தாலி கட்டிய கையோடு புருஷன் சோணைமுத்து திருப்பூருக்குக் கூட்டி வந்துவிட்டான். நெருப்பெரிச்சலில் ஒரு காம்பவுண்டு வீடு, கூப்பிடு தூரத்தில் பனியன் கம்பெனி. அவன் கட்டிங்கில் துணி விரிக்கிறவன், அவள் செக்கிங்கில். அந்தக் கம்பெனியில் தைப்பது முழுக்கப் பச்சைப் பிள்ளைகளின் உடுப்பு. எல்லாம் கப்பல் ஏறிப் போவது. உள்ளங்கை அகலச் சட்டையை நாள் முழுக்க விரித்துப் பார்த்து, நூல் வெட்டி, மடித்து வைக்கிறவளுக்கு வீட்டில் அதைப் போட்டுப் பார்க்க ஓர் உடம்பு இல்லை. விதி என்று ஒன்று இருந்தால் அதற்கும் கொஞ்சம் வெட்கம் வேண்டாமா?

சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும்போது காட்டுவதற்கென்று கம்பெனியில் ஒரு பிள்ளை ரூம் உண்டு. சுவரில் யானை, முயல் படம். மூலையில் ஒரு கேமரா. தாய்மார்கள் காலையில் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு லைனுக்குப் போய் மிஷினில் உட்காருவார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஆயா ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. ஹெச்.ஆர். சித்ராதேவி யோசித்துப் பார்த்துவிட்டுக் குழந்தையம்மாளை அங்கே மாற்றினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எந்தப் பிள்ளை அழுதாலும் அது கடைசியில் குழந்தையம்மாள் மடியில்தான் போய் அடங்கும் என்பதை அவள் கவனித்து வைத்திருந்தாள்.

சிலருக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளை இல்லாதவள் கண் பிள்ளைகள்மேல் பட்டுக்கொண்டே இருக்கலாமா என்று முனகினார்கள். முனகினவர்களே ஒரு மாதத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். ஏனென்றால் சாயங்காலம் பிள்ளையைத் தூக்க வந்தால் பிள்ளை வரமாட்டேன் என்கிறது. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலறுகிறது. திட்டுவாள், மிரட்டுவாள், "மூக்கை அறுத்துருவேன்" என்பாள். கை மட்டும் நீளாது. வாய்க்குக் காவல் இல்லாதவளுக்குக் கைக்குக் காவல் இருந்தது.

அந்த ரூமில் குகன் என்று ஒரு பயல். மூன்று வயது. ஓவர்லாக் தைக்கிற மதுமதியின் மகன். மதுமதி இந்தப் பக்கத்துக்காரி. சோமனூர்ப் பக்கத் தறிக்காரக் குடும்பம், அப்பா காலத்திலேயே தறியை விற்றுவிட்டு பனியனுக்கு வந்தவர்கள். குகன் தட்டில் போட்ட சோற்றில் பாதியைத்தான் தின்பான். மீதியைக் குழந்தையம்மாள் பக்கம் தள்ளி, "நீ" என்பான். அவள் தின்பாள். அதில் ஒரு காரணமும் இருந்தது. பிள்ளை எச்சிலைத் தின்றால் பிள்ளை உண்டாகும் என்று அவள் ஊரில் சொல்வார்கள். ஆஸ்பத்திரி, மாத்திரை, சாமியாடி, பழனி நடை எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு கவளம் தயிர்சோறுதானே, தின்றால் என்ன கெட்டுவிடப் போகிறது?

அடுத்த தைப்பூசம் வருவதற்குள் அவளுக்கு நாள் தள்ளிப் போனது.

சோணைமுத்து நம்பவில்லை. மூன்று தடவை கோடு பார்க்கும் அட்டை வாங்கிவந்து மூன்றிலும் கோடு விழுந்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தான். குழந்தையம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. "இது குகன் குடுத்த பிள்ளை" என்று கம்பெனி முழுக்கச் சொல்லித் திரிந்தாள். மதுமதிக்குப் பெருமை தாங்கவில்லை. "எம்பையன் எச்சிலுக்கு அத்தனை மவுசுங்களாக்கா" என்று சிரித்தாள். அதற்குப் பிறகும் குழந்தையம்மாள் அவன் மிச்சத்தைத் தின்பதை நிறுத்தவில்லை. கொடுத்த சாமியை அப்புறம் மறப்பார்களா?

வயிற்றில் நாலு மாதம் முடிகிற சமயம். கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருக்கடி. ஒரு காலையில் மதுமதி குகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ரூம் வாசலில் நின்றாள். பயலுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. காய்ச்சல், சளி இருந்தால் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது என்று விதி உண்டு.

"மூக்கு மட்டுந்தானுங்கக்கா ஒழுகுது. உடம்பு சுடலீங்க. காத்தாலயே சிரப்பு ஊத்திட்டனுங்க" என்றாள் மதுமதி.

குழந்தையம்மாள் அவன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்தது. "அடிப்பாவி, இது சுடலையா? சரி குடு. உன்னைய வீட்டுக்கு அனுப்புனா லைன் சூப்பர்வைசர் என் உசுரை எடுப்பான்" என்று வாங்கிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவன் அவள் மடியிலேயே கிடந்தான். அவன் மூக்கை அவள் முந்தானையில்தான் துடைத்தாள். அவன் தள்ளிய சோற்றைத்தான் தின்றாள். சளி விட்டது, பயல் பழையபடி ஓட ஆரம்பித்தான். சளிப் பிடித்ததையே எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் மதுமதி மகனைத் தூக்க வந்தபோது அவனுடைய இரண்டு கன்னமும் ரத்தச் சிவப்பாக இருந்தன. மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்தபோதே குழந்தையம்மாள் பார்த்தாள். பாயில் அழுந்தப் படுத்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டாள். மதுமதிக்கு அப்படித் தோன்றவில்லை. காய்ச்சல் இல்லை, அம்மை போலக் கொப்புளம் இல்லை. யாரோ பலங்கொண்ட மட்டும் அறைந்த மாதிரி இரண்டு பக்கமும் ஒரே சிவப்பு. கன்னத்தைத் தொட்டால் கொதித்தது.

"யாரு சாமி அடிச்சது?" என்று கேட்டாள்.

மூன்று வயதுப் பிள்ளையிடம் அப்படிக் கேட்டால் அது என்ன சொல்லும்? அந்த ரூமில் அதற்குத் தெரிந்த பெரிய ஆள் ஒருத்திதான். "ஆயா" என்றான் குகன்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. தனக்கு ஒன்று வந்ததும் அடுத்தவள் பிள்ளை வேண்டாமல் போய்விட்டது பார் என்றாள் ஒருத்தி. கர்ப்பக் கோபம் அப்படித்தான் என்றாள் இன்னொருத்தி. அவளிடம் பிள்ளையை விட்டுவிட்டு எத்தனையோ நாள் நிம்மதியாக ஓவர்டைம் பார்த்தவர்கள்தான் இவர்கள். நாக்கில் நரம்பு இருந்தால்தானே!

மறுநாள் மதிய இடைவேளையில் சித்ராதேவி எல்லாரையும் கூப்பிட்டாள். கேமராவைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்கள். பார்த்தால் அந்தக் கேமரா எப்போதோ செத்துப் போயிருந்தது. ஆடிட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்ப்பதற்காக மட்டும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. "நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, மேனேஜ்மெண்ட் விசாரிக்கும்" என்றாள் சித்ராதேவி.

குழந்தையம்மாளுக்குத் தலைக்கு ஏறியது. அவள் கோபம் அப்படிப்பட்டது, பால் பொங்குகிற மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழிந்துவிடும். "என்னத்த எழுதச் சொல்றீக? நான் அடிக்கல. அதை எழுதித்தான் சொல்லணுமா? சூடம் எடுங்க" என்றாள்.

கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் மேடை உண்டு. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்குமேல் பேச்சில்லை. போலீஸ் ஸ்டேஷனில் தீராத வழக்கெல்லாம் அதில் தீர்ந்திருக்கிறது. பொய்ச் சத்தியம் பண்ணினவன் வீடு விளங்காது என்பது கொங்கு நாட்டிலும் அப்படித்தான், கமுதியிலும் அப்படித்தான். யாரோ ஓடிப்போய்ச் சூடம் வாங்கி வந்தார்கள். வெற்றிலையில் வைத்து ஏற்றினார்கள். கூட்டம் கூடிவிட்டது. கட்டிங்கிலிருந்து சோணைமுத்து ஓடி வருவதற்குள் குழந்தையம்மாள் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

'நான் அடிக்கவில்லை' என்று மட்டும் சொல்லி அணைத்திருந்தால் போதும். அவளுக்கு அது போதவில்லை. இடது கையை வயிற்றில் வைத்தாள்.

"இந்தப் பயலை நான் கை நீட்டி அடிச்சிருந்தா, எம் வயித்துல இருக்குறது எனக்குத் தங்காமப் போகட்டும்" என்றாள். வலது கை சூடத்தின்மேல் பட்டென்று விழுந்தது.

"வாயும் வயிறுமா இருக்குறவ சொல்ற பேச்சாடி இது" என்று வயதான ஹெல்ப்பர் அம்மாள் ஒருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மதுமதி அழுதுவிட்டாள். "தெரியாமக் கேட்டுட்டனுங்கக்கா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷம் தவமிருந்து பெறப்போகிற பிள்ளையைப் பணயம் வைத்து எவளாவது பொய் சொல்வாளா? எல்லாரும் நம்பினார்கள். அப்படியானால் அந்தக் கன்னம் எதனால் சிவந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சத்தியம் ஆகிவிட்டது, விஷயம் முடிந்துவிட்டது. மதுமதி மகனைச் சோமனூரில் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டாள்.

சோணைமுத்து மட்டும் அன்று வீட்டில் சோறு தின்னவில்லை. "அடிக்கலன்னா அடிக்கலன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? பிள்ளைய எதுக்குத்தா உள்ள இழுத்த?" என்றான். அவள் உள்ளங்கையில் சிவப்பாகக் கன்றியிருந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளில் அவளுக்கு உடம்பெல்லாம் வலித்தது. விரல் கணுக்கள் வீங்கிக் காலையில் கை மடக்க முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. லேசாகக் காய்ச்சல் மாதிரி இருந்தது. மாசமாக இருந்தால் மேலுக்கு வலிக்காதா என்று இருந்துவிட்டாள். ஒரு வாரத்தில் அதுவும் சரியாகிவிட்டது. அதற்குள் வயிற்றில் அசைவு தெரிய ஆரம்பித்திருந்தது. குடத்துத் தண்ணீரில் குட்டி மீன் திரும்புகிற மாதிரி. முதல் தடவை தெரிந்தபோது ரூமில் பிள்ளைகள் எல்லாவற்றையும் வரிசையாக நிற்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

பிறகு அந்த மீன் குறைந்துகொண்டே வந்தது.

முதலில் தூங்குகிறது என்று நினைத்தாள். அப்புறம் ஒரு நாள் முழுக்க எதுவும் தெரியாமல் போனது. மறுநாள் ஒரே ஒரு அசைவு. வேறு எவளாக இருந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாள். இவள் ஓடவில்லை. எப்படி ஓடுவாள்? பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வாய் திறந்தால் ஊர் என்ன சொல்லும்? சத்தியம் கேட்டுவிட்டது என்று சொல்லும். அடித்தவள் இவள்தான் என்று சொல்லும். ஊர் சொல்வது இருக்கட்டும், சோணைமுத்து என்ன நினைப்பான்? ஐந்தாம் மாத ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். ஸ்கேன் மிஷின் ரிப்பேராம், தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போனாள். பார்த்தால்தானே தெரியும். பார்க்காத வரைக்கும் சத்தியம் சத்தியமாகவே இருக்கும், பிள்ளையும் பிள்ளையாகவே இருக்கும். மூளை உள்ளவள் இப்படி யோசிப்பாளா என்று கேட்கலாம். பயம் வந்தால் மூளை எங்கே இருக்கிறது?

அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். அதற்கு என்ன விலை என்று அவளுக்கு அப்போது தெரியாது.

ஏரியா நர்ஸ் சோணைமுத்துவுக்கு போன் பண்ணி ஸ்கேனுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. அவன் கட்டிங் டேபிளை அப்படியே போட்டுவிட்டு வந்து, பிள்ளை ரூமில் இருந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஸ்கேன் எடுத்த டாக்டர் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். குழந்தையின் வயிற்றிலும் நெஞ்சைச் சுற்றியும் நீர் கோத்திருக்கிறது, தோல்கூட வீங்கியிருக்கிறது, துடிப்பு இருக்கிறது, ஆனால் நேரம் கடத்தக் கூடாது, இப்போதே கோயம்புத்தூர் போங்கள் என்று.

கோயம்புத்தூர் பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவினாசி தாண்டியதும் சோணைமுத்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நெசத்தச் சொல்லுத்தா. லேசாக்கூடத் தட்டலையா?"

குழந்தையம்மாளுக்கு அந்த நிமிஷத்தில் செத்துப்போய்விடலாம் என்றிருந்தது. யார் கேட்டிருந்தாலும் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி பதில் சொல்லியிருப்பாள். இவன் கேட்டுவிட்டானே. அதைவிடக் கொடுமை, அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்குக் குகன் சோறு தின்னமாட்டேன் என்று அடம் பிடித்தானே, அப்போது கன்னத்தைப் பிடித்துத் திருப்பினேனோ? தூங்க வைக்கும்போது பலமாகத் தட்டிவிட்டேனோ? இல்லை, இல்லை என்று நினைவு சொல்லச் சொல்ல, கை மட்டும் நான்தான் நான்தான் என்றது. பஸ் போய்ச் சேருகிற வரைக்கும் அவள் தன் வலது கையை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் மறுபடியும் ஸ்கேன் பண்ணினார். குழந்தைக்கு ரத்தம் ரொம்பக் குறைந்துபோயிருக்கிறது, மூளைக்குப் போகும் ரத்தத்தின் வேகத்தை வைத்தே அது தெரிகிறது என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ச்சல் வந்ததா? மூட்டு வலித்ததா? வந்தது, வலித்தது என்றாள். என்ன வேலை பார்க்கிறீர்கள்? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

"உங்ககிட்ட வர்ற பிள்ளைங்கள்ல யாருக்காவது கன்னம் ரெண்டும் அறை விழுந்த மாதிரி சிவந்து இருந்துச்சாம்மா?"

குழந்தையம்மாள் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அடிக்கலீங்க டாக்டர்" என்றாள். "சத்தியமா நான் அடிக்கலீங்க."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சோணைமுத்துவைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னான். சிவந்த கன்னம், சூடம், சத்தியம் எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் எழுந்து வந்து கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க அடிக்கலம்மா. அது ஒரு வைரஸ். பார்வோன்னு பேரு. சின்னப் பிள்ளைங்களுக்கு வந்தா முதல்ல சளி, லேசா சூடு. அது போனப்புறம் கன்னம் சிவக்கும். பார்க்கிறவங்க யாரோ அடிச்சிட்டாங்கன்னுதான் நினைப்பாங்க. புஸ்தகத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கு. பிள்ளைக்கு அதனால ஒண்ணும் ஆகாது, தானாப் போயிடும்."

"அது எப்படிங்க எனக்கு?"

"மூக்கு ஒழுகுறப்போ ஒட்டும். எச்சில், சளி வழியா. கன்னம் சிவக்கிற நேரத்துல ஒட்டுற காலம் முடிஞ்சிருக்கும். மாசமா இருக்கிறவங்களுக்கு ஒட்டினாலும் முக்கால்வாசிப் பேருக்குக் குழந்தை நல்லாத்தான் பிறக்கும். சில பேருக்கு மட்டும் உள்ள இருக்கிற குழந்தைக்குப் போயிடும். போனா ரத்தம் ஊறுற இடத்தை அடிக்கும். ரத்தம் குறைஞ்சா இதயம் தாங்காது. அதான் நீர் கோத்திருக்கு."

எச்சில் என்ற வார்த்தையிலேயே குழந்தையம்மாளின் மனசு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு டாக்டர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. தொப்புள்கொடி வழியாகவே குழந்தைக்கு ரத்தம் ஏற்ற முடியும், நாளைக்கே செய்யலாம், குழந்தை ரொம்பத் தளர்ந்திருக்கிறது, உறுதி சொல்ல முடியாது என்பதையெல்லாம் சோணைமுத்துதான் கேட்டுக்கொண்டான். வெளியே வந்து வராந்தாத் தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். பஸ்ஸில் கேட்ட கேள்வியை இனி எந்த ஜென்மத்தில் திரும்ப எடுக்க முடியும்?

மறுநாள் ஊசி போட்டார்கள். திரையைப் பார்த்துப் பார்த்து, முடி போன்ற ஒரு குழாய்க்குள் சொட்டுச் சொட்டாக ரத்தம் ஏற்றினார்கள். குழந்தையம்மாள் கண்ணை மூடவில்லை. திரையில் ஒரு பொட்டு துடித்துக்கொண்டிருந்தது. அதை விட்டுப் பார்வையை எடுத்தால் நின்றுவிடும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. முடிந்ததும் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். சோணைமுத்து கேன்டீனில் டீ வாங்கிக் குடித்தான். திருப்பூரை விட்டுக் கிளம்பின பிறகு அவன் வாயில் வைத்த முதல் பொருள் அது.

அதற்கு அடுத்த நாள் காலையில் துடிப்பு நின்றுபோயிருந்தது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா பொழச்சிருக்குமாங்க?" என்று சோணைமுத்து கேட்டான். டாக்டர் பொய் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா வாய்ப்பு கூடுதலா இருந்திருக்கும்" என்றார். குழந்தையம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வலி வரவைத்துப் பிரசவம் பண்ணினார்கள். பெண். கண்ணும் மூக்கும் விரலும் நகமும் எல்லாம் இருந்தது, உடம்பு மட்டும் வீங்கியிருந்தது. பிறக்கும் முன்னால் துணி எடுத்து வைக்கக் கூடாது என்பார்களே, அதனால் வீட்டில் ஒரு முழத் துணிகூட எடுத்து வைத்திருக்கவில்லை. ஊர் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டை மடித்து அனுப்பினவள் பெற்ற பிள்ளையைச் சோணைமுத்து தன் தோள்துண்டில் சுற்றிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தான்.

ரத்தப் பரிசோதனையிலும் அந்த வைரஸ்தான் என்று வந்தது. சோணைமுத்து கம்பெனி கேட்டில் நின்று, வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் விளக்கிச் சொன்னான். சிலர் உச்சுக் கொட்டினார்கள். சிலர் அவன் போனபிறகு, "டாக்டருக்கென்ன தெரியும், சத்தியம் பலிச்சிருச்சு" என்றார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது சும்மாவா? சித்ராதேவி மட்டும் முழுசாக நம்பினாள். இப்போது பிள்ளை ரூம் வாசலில், மூக்கொழுகும் குழந்தைகளைச் சேர்க்க மாட்டோம், கர்ப்பிணிகள் இங்கே வேலைக்கு இல்லை என்று பெரிய போர்டு தொங்குகிறது. ஆடிட்டுக்கு நன்றாக இருக்கும்.

குழந்தையம்மாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அழவும் இல்லை. வாய் ஓயாத அந்தப் பொம்பளை ஊமை மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் காம்பவுண்டுக்காரர்களுக்கே பயமாக இருந்தது. பால் கட்டி நெஞ்சு கல்லாக வலித்தது. முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதுமதி வந்தாள். கையில் டிபன் கேரியர், இடுப்பில் குகன். உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றாள்.

"வா" என்றாள் குழந்தையம்மாள்.

மதுமதி உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். "சோமனூர்ல இருக்கறப்ப கை காலெல்லாம் வலை போட்டாப்புல செவந்துச்சுங்கக்கா. வேர்க்குருன்னு சந்தனம் பூசி விட்டாங்க எங்கம்மா. நானு அப்பவே ஒரு டாக்டர்கிட்டக் காட்டியிருந்தன்னா உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமுங்க. நானும் சந்தேகப்பட்டு, உங்களச் சத்தியம் பண்ற அளவுக்குக் கொண்டாந்து..."

"நீ எங்க கொண்டாந்த? என் வாய்தான கொண்டாந்துச்சு" என்றாள் குழந்தையம்மாள். "ஒண்ணு சொல்லட்டா மதுமதி? அன்னைக்கு நீ மூக்கொழுகக் கொண்டாந்து விட்டப்ப, இந்தப் பயல ஒரு அறை விட்டு அங்கிட்டுத் தள்ளி வெச்சிருக்கணும். நீங்கள்லாம் சொன்னீகளே, அந்த மாதிரி. அடிச்சிருந்தா எம்புள்ள பொழச்சிருக்கும்."

மதுமதியின் அழுகை நின்றுவிட்டது. குகனுக்குப் பசி. அவள் எதையாவது செய்ய வேண்டும் என்பதற்காகக் கேரியரைத் திறந்து, ஒரு தட்டில் தயிர்சோறு போட்டு அவன் முன்னால் வைத்தாள். அவன் பாட்டுக்குத் தின்றான். பாதி தின்றான். பிறகு வழக்கம்போலத் தட்டை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு வந்து குழந்தையம்மாள் முன்னால் நிறுத்தினான்.

"நீ" என்றான்.

மதுமதி பதறிப்போய்த் தட்டைப் பிடுங்கினாள். "வேண்டாமுங்கக்கா. அதத் தொடாதீங்க."

"விடு" என்றாள் குழந்தையம்மாள். தட்டை அவள் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "கிளம்புறப்ப டாக்டரம்மா சொன்னாக. ஒரு தடவை வந்துட்டா மறுபடி வராதாம். இனிமே இது என்னைய ஒண்ணும் பண்ணாது."

குகன் வந்து அவள் தொடையில் சாய்ந்துகொண்டான். அவள் ஒரு பருக்கை விடாமல் தின்றாள். தின்று முடித்துத் தட்டைக் கீழே வைத்த பிறகுதான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இத்தனை நாளில் முதல் தடவையாக, காம்பவுண்டு முழுக்கக் கேட்கும்படி வாய்விட்டு அழுதாள்.